கொடுத்ததும் எடுத்ததும்: பாப்டிஸ்டுகளின் தடத்தில் ஆறு நாள்

முதல் நாள்: ஆம்ஸ்டர்டாம்

என் அம்மாயிக்குச் சேந்தமங்கலம் பக்கம், கொல்லிமலை அடிவாரம். 1928-இல், 18 வயதில், வீட்டில் ஒருவருக்கும் சம்மதமில்லாத நிலையில், ஒரு தோட்டத்துக் கிணற்றில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். அப்பா வீட்டார் வேறு சபை. மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோதே என் தலையில் தண்ணீர் தெளித்துப் பெயர் வைத்துவிட்டார்கள். பத்து வயதில் ஒரு நாள் அம்மாயியிடம், "எனக்கு ஞானஸ்நானம் ஆயிருச்சுதானே?" என்று கேட்டேன். புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல் சொன்னார்: "உனக்குக் குடுத்தாங்க கண்ணு. நீ இன்னும் எடுக்கல."

கொடுப்பது, எடுப்பது. நம் மொழியில் ஞானஸ்நானத்துக்கு இந்த இரண்டு வினைச்சொல்லும் உண்டு. கேட்டு ஐம்பது வருடம் தாண்டியும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், "வாங்க மாமா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று நார்தாம்ப்டனில் இருக்கும் தங்கை மகள் அழைத்தாள். அம்மாயியின் பாப்டிஸ்ட் சபை எங்கிருந்து புறப்பட்டதோ அங்கிருந்தே தொடங்குவது என்று முடிவு செய்து, இங்கிலாந்துக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் இறங்கினேன்.

ரெம்பிராண்ட் சதுக்கத்தையும் ஆம்ஸ்டல் ஆற்றையும் இணைக்கும் சின்னத் தெரு ஒன்று இருக்கிறது. பெயர் பக்கர்ஸ்ட்ராட், அதாவது ரொட்டிக்காரர் தெரு. இரு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள். 400 வருடத்துக்கு முன் இந்த இடத்தில் கிழக்கிந்திய ரொட்டிக்கூடம் என்று சொல்லப்பட்ட ஒரு பெரிய கட்டடம் இருந்தது. அதன் சொந்தக்காரர் யான் முண்டர் என்ற வணிகர். பெரியவர்களாகி நம்பியபின்தான் ஞானஸ்நானம் என்று நின்ற மென்னோனைட் சபையைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ ஊரிலிருந்து 1608 வாக்கில் தப்பி வந்த ஒரு சிறு கூட்டத்துக்கு அவர்தான் இங்கே தங்க இடம் கொடுத்தார். அரசர் நடத்தும் திருச்சபைக்கு வெளியே கூடி ஜெபித்தார்கள்; அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது குற்றம். அவர்களோடு நெருங்கிய உறவில் இருந்த ஸ்க்ரூபி ஊர்க்காரர்கள் லெய்டன் போனார்கள். 1620-இல் மேஃப்ளவர் கப்பலேறி அமெரிக்கா போனது அவர்களில் ஒரு பகுதிதான். இங்கே ரொட்டிக்கூடத்தில் தங்கியவர்களுக்குத் தலைவர் ஜான் ஸ்மித். கேம்பிரிட்ஜில் படித்து, முறைப்படி குருப்பட்டம் பெற்றவர்.

1609-இல் ஸ்மித் ஒரு முடிவுக்கு வந்தார். கேட்கத் தெரியாத, பதில் சொல்லத் தெரியாத குழந்தைக்குக் கொடுப்பது ஞானஸ்நானமே ஆகாது. அப்படியானால் தன்னுடையதும் செல்லாது. கூட்டத்தில் இருந்த எல்லோருடையதும் செல்லாது. சரி, யார் யாருக்குக் கொடுப்பது? எடுத்தவர் ஒருவரும் இல்லாத இடத்தில் கொடுக்க யாருக்கு உரிமை? ஸ்மித் தண்ணீரை எடுத்துத் தன் தலையில் தானே ஊற்றிக்கொண்டார். பிறகு தாமஸ் ஹெல்விஸுக்கும் மற்றவர்களுக்கும் ஊற்றினார். மூழ்கவில்லை; ஊற்றியதுதான். உலக பாப்டிஸ்டுகள் தங்கள் தொடக்கமாகக் கொள்வது இந்த ஒரு செயலை.

அந்தத் தெருவில் ஒரு ஓரமாக நின்று இதை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு தனிமையான ஒரு செயல் அது.

மாலையில் சிங்கல் வாய்க்கால் கரையில் இருக்கும் மென்னோனைட் ஆலயத்துக்குப் போனேன். 1608-இல் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் ஆலயம் என்றே தெரியாது. வரிசை வீடுகளில் ஒரு கதவு, 452 என்று எண், அவ்வளவுதான். மறைவாக இருந்தால் கண்டுகொள்ளமாட்டோம் என்பது அன்றைய டச்சு அரசின் ஏற்பாடு. உள்ளே மர மாடங்களோடு உயர்ந்த வெள்ளைக் கூடம். ஸ்மித் கடைசியில் இவர்களிடம்தான் வந்து சேரக் கேட்டார். முறையாகக் கொடுக்கக்கூடிய சபை பக்கத்திலேயே இருக்கும்போது தானே ஊற்றிக்கொண்டது அவசரம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பதில் வருவதற்குள் 1612-இல் இறந்துபோனார். தான் செய்தது தவறாக இருக்கலாம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஒருவர் இந்த மரபின் முதல் ஆள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இரண்டாம் நாள்: லண்டன், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்

ரயிலில் நான்கு மணி நேரம். கடலுக்கு அடியில் போகிறோம் என்பதே தெரியவில்லை.

ஹெல்விஸ் இந்தக் கடலைத் தாண்டியது வேறு மாதிரி. ஸ்மித் மென்னோனைட்டுகளிடம் போக முடிவெடுத்ததும் அவர் பிரிந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் அவரோடு நின்றார்கள். துன்பத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி வந்ததே தவறு என்று சொல்லி, அவர்களைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கே திரும்பினார். 1612-இல் லண்டன் மதிலுக்கு வெளியே, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு சபை உருவானது. ஆங்கில மண்ணில் முதல் பாப்டிஸ்ட் சபை. அதே வருடம் ஏப்ரலில் எட்வர்ட் வைட்மன் என்பவரை மதப்புரட்டர் என்று லிச்ஃபீல்டில் உயிரோடு எரித்திருந்தார்கள். இங்கிலாந்தில் அப்படி எரிக்கப்பட்ட கடைசி ஆள் அவர். இதெல்லாம் தெரிந்தேதான் ஹெல்விஸ் திரும்பினார்.

திரும்பியவர் தான் அச்சிட்ட புத்தகம் ஒன்றை அரசர் முதலாம் ஜேம்ஸுக்கு அர்ப்பணித்து, முன்பக்கத்தில் தன் கைப்பட ஒரு குறிப்பு எழுதினார். அரசே, ஏழைகளின் ஆலோசனையைத் தள்ளிவிடாதீர் என்று தொடங்குகிறது. அரசர் சாகக்கூடிய மனிதர், கடவுள் இல்லை. ஆகவே குடிமக்களின் சாகாத ஆத்துமாக்கள் மேல் அவருக்கு அதிகாரம் கிடையாது என்பது அதன் சாரம். கீழே கையெழுத்து, அதற்கும் கீழே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்று ஊர்ப்பெயர். அந்தப் பிரதி இன்றும் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. எழுதியவர் நியூகேட் சிறைக்குப் போனார். 1616-க்குள் இறந்துவிட்டார்.

புத்தகத்துக்குள்ளே இன்னும் ஒரு படி மேலே போகிறார். மதப்புரட்டரோ, துருக்கரோ, யூதரோ, யாராக இருந்தாலும் நம்பிக்கைக்காக அவர்களைத் தண்டிப்பது இந்த உலக அதிகாரத்தின் வேலை இல்லை என்கிறார். துருக்கர் என்றால் அன்றைய பேச்சில் இஸ்லாமியர். தன் கூட்டத்துக்கு மட்டும் விடுதலை கேட்பது எளிது. தான் தவறு என்று நினைக்கும் மனிதருக்கும் சேர்த்துக் கேட்டவர் இவர். 1612-இல் இதை ஆங்கிலத்தில் அச்சிட்டுச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

அந்தச் சபை கூடிய இடத்தில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. அதனால் பிரிக் லேன் தெருவில் நடந்தேன். ஃபோர்னியர் தெரு முனையில் ஒரு செங்கல் கட்டடம். பிரான்சிலிருந்து அடைக்கலம் தேடி வந்த ஹ்யூகனாட்டுகள் 1743-இல் கட்டிய ஆலயம் அது. பிறகு மெதடிஸ்ட் ஆலயமாகி, 1898-இல் யூதர்களின் ஜெப ஆலயமாகி, 1976 முதல் பள்ளிவாசலாக இருக்கிறது. சுவரில் ஹ்யூகனாட்டுகள் வைத்த சூரியக் கடிகாரம்: 'நாம் நிழல்' என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. நான் போனது தொழுகை முடிந்து மக்கள் வெளியே வரும் நேரம். ஹெல்விஸ் எழுதிய பட்டியல் முழுவதும் அவருடைய பேட்டையிலேயே ஒரு கட்டடத்துக்குள் வந்து போயிருக்கிறது. கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் நின்றேன். ஒரு பெரியவர் சலாம் சொல்லிவிட்டுப் போனார். நானும் சொன்னேன்.

நியூகேட் சிறை இருந்த இடத்தில் இப்போது ஓல்ட் பெய்லி நீதிமன்றம். வெளியே நின்று பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பினேன்.

மூன்றாம் நாள்: லண்டன்

காலை பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டம். அரசுத் திருச்சபைக்கு வெளியே நின்றவர்களை அடக்கம் செய்த இடம். மோட்சப் பயணக் கதையை எழுதிய ஜான் பனியன் இங்கே படுத்திருக்கிறார், கல்லில். ஒரு பக்கத்தில் முதுகில் சுமையோடு நடக்கும் மனிதன், மறுபக்கத்தில் சிலுவையடியில் சுமை கழன்று விழும் காட்சி. நாளை அவர் ஊருக்கே போகப் போவதால் அதிக நேரம் இருக்கவில்லை.

அம்மாயியின் சபை எப்படி வந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஹெல்விஸ் வழி வந்தவர்கள் கிறிஸ்து எல்லோருக்காகவும் மரித்தார் என்று நம்பியவர்கள். அவர்களுக்குப் பொது பாப்டிஸ்டுகள் என்று பெயர். 1630-களில் லண்டனில் இன்னொரு ஓடை தனியாகக் கிளம்பியது. கடவுள் தெரிந்தெடுத்தவர்களுக்காக மட்டுமே கிறிஸ்து மரித்தார் என்ற, சீர்திருத்தவாதி கால்வினின் வழி நின்ற இவர்கள் குறிப்பிட்ட பாப்டிஸ்டுகள். 1641, 1642 வாக்கில் இவர்கள்தான் ஊற்றுவதை விட்டு முழுவதுமாக மூழ்க ஆரம்பித்தார்கள். செத்து அடக்கமாகி உயிர்த்தெழுவதைக் காட்ட வேண்டுமென்றால் தண்ணீருக்குள் போய்த்தான் வர வேண்டும் என்பது அவர்கள் நியாயம். 1644-இல் லண்டனின் ஏழு சபைகள் சேர்ந்து தங்கள் விசுவாச அறிக்கையை வெளியிட்டன.

அந்த ஓடையின் ஒரு கிளை, மூழ்கி எடுத்தவர்களுக்கு மட்டுமே திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் இராப்போஜனம்) என்று கண்டிப்பாக நின்றது. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்டுகள். அவர்களுடைய மிஷன்தான் சேந்தமங்கலத்துக்கு வந்தது. அந்த மிஷனின் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லின் பிராண்டும் 1913-இல் கொல்லிமலை மேல் குடியேறினார்கள். 1929-இல் ஜெஸ்ஸி மலைமேலேயே காய்ச்சலில் இறந்தார். அங்கே வளர்ந்த மகன் பால் பிராண்ட்தான் பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை செய்து மீட்டவர். ஈவ்லின் முதுமையிலும் மலைகளில் ஏறி இறங்கி 1974-இல் காலமானார். எங்கள் பக்கம் பிராண்ட் பாட்டியைப் பற்றிப் பேசாத வீடு குறைவு.

அந்தக் கண்டிப்பின் விலை எனக்குத் தெரியும். 16 வயதில் ஒரு ஞாயிறு அம்மாயியோடு ஒரு சபைக்குப் போயிருந்தேன். இராப்போஜன அப்பத் தட்டு வரிசையாக வந்து, எனக்கு முன் வந்ததும், ஏந்தியவர் என்னைத் தாண்டி அடுத்தவரிடம் நீட்டினார். அம்மாயி எடுத்துக்கொண்டார், ஆனால் என் பக்கம் திரும்பவே இல்லை. வீடு வரும் வரை இரண்டு பேரும் பேசவில்லை. எனக்கு அந்த வலி இன்றும் போகவில்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

மதியம் எலிஃபண்ட் அண்ட் காசில். புகழ்பெற்ற பாப்டிஸ்ட் பிரசங்கியார் ஸ்பர்ஜனின் ஆலயம் மெட்ரோபாலிட்டன் டேபர்னகிள், 1861-இல் திறந்தது. 1898-இல் தீ, 1941-இல் குண்டு. முகப்புத் தூண்கள் மட்டும் பழையவை. அமெரிக்காவின் அடிமை முறையை ஸ்பர்ஜன் கண்டித்தபோது, தென் மாநிலங்களில் அவர் பிரசங்கப் புத்தகங்களைக் கொளுத்தினார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். அது வேறொரு பெரிய காயத்தின் ஒரு பக்கம். அங்கே 1845-லேயே அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற கேள்வியில் பாப்டிஸ்டுகள் வடக்கு, தெற்கு என்று உடைந்திருந்தார்கள். அதற்காகத் தெற்கத்திய பாப்டிஸ்டுகள் மன்னிப்புக் கேட்டது 1995-இல். 150 வருடம்!

ஸ்ட்ராண்ட் வழியாகத் திரும்பினேன். இங்கிருந்த எக்ஸிட்டர் மண்டபத்தில்தான் 1905 ஜூலையில் உலக பாப்டிஸ்ட் கூட்டமைப்பு தொடங்கியது. மண்டபம் போய் இப்போது ஓட்டல். இன்று அந்தக் கூட்டமைப்பின் கணக்கில் ஏறத்தாழ 5 கோடி பேர். ஞானஸ்நானம் எடுத்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு இது. வீட்டுக் குழந்தைகள் இதில் சேரமாட்டார்கள். பிறந்ததுமே பேரேட்டில் பெயர் ஏறும் சபைகளோடு இந்த எண்ணிக்கையை ஒப்பிடும்போது அதை மறந்துவிடக் கூடாது.

நான்காம் நாள்: பெட்ஃபோர்ட்

செயின்ட் பான்கிராஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நிலையத்தில் தங்கை மகள் காரோடு காத்திருந்தாள். "இளைச்சிட்டீங்க மாமா" என்றாள். டிபன் பாக்ஸில் இட்லி, மிளகாய்ப்பொடி. ஊஸ் ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். 1650-களில் பனியன் ஞானஸ்நானம் எடுத்தது இந்த ஆற்றில் என்றுதான் ஊரார் சொல்கிறார்கள். பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, தண்ணீர் அமைதியாக ஓடும் இடம்.

நம்மில் பலருக்குப் பனியனைத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் கதை தமிழில் எப்போதோ குடியேறிவிட்டது. நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறி, பிறகு கிறிஸ்தவரானவர். பனியனின் மோட்சப் பயணக் கதையை 3,000-க்கும் மேற்பட்ட விருத்தங்களில் இரட்சணிய யாத்திரிகமாக 1894-இல் வெளியிட்டார். கம்பனின் நடையில் பெட்ஃபோர்டின் பாத்திரக்காரர் பேசுகிறார்! எனக்கு அதில் எப்போதும் ஒரு பெருமை.

பாத்திரக்காரர் என்று சொன்னது நிஜம். எல்ஸ்டோ என்ற பக்கத்து ஊரில் 1628-இல் பிறந்தவர். ஓட்டைச் சட்டி, பானைக்கு ஈயம் வைத்துச் சரிசெய்து கொடுக்கும் தொழில். ஊர் ஊராகப் போவார். மில் தெருவில் அவர் பெயரிலேயே ஆலயமும் அருகே அருங்காட்சியகமும் இருக்கின்றன. உள்ளே அவருடைய பட்டறைக்கல் இருக்கிறது. முதுகில் சுமந்து திரிந்தது அது. அதைப் பார்த்தபின்தான் முதுகில் சுமையோடு நடக்கும் அந்தக் கதாநாயகன் எங்கிருந்து வந்தான் என்று புரிந்தது.

1660 நவம்பரில், அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று கைது செய்தார்கள். இனிமேல் பிரசங்கம் செய்யமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவில்லை. 12 வருடம் உள்ளே. வீட்டில் நான்கு குழந்தைகள். மூத்தவள் மேரிக்குக் கண் தெரியாது. சிறையிலிருந்தே நீளக் கயிறுகளுக்கு உலோக முனை பொருத்தி விற்றுக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு அவரைவிட அவர் மனைவி எலிசபெத்தின் மேல் மரியாதை அதிகம். இரண்டாவது மனைவி, சின்னப் பெண். கணவர் கைதான அதிர்ச்சியில் வயிற்றில் இருந்த குழந்தையையும் இழந்தவர். 1661-இல் பாலத்தருகே இருந்த ஸ்வான் விடுதியில் நீதிபதிகள் தங்கியிருந்தபோது, அத்தனை பெரிய மனிதர்கள் நடுவில் தனியாகப் போய் நின்று வாதாடினார். பிரசங்கத்தை விட்டுவிடுவாரா என்று கேட்டதற்கு, பேச முடிகிற வரை விடமாட்டார் என்று சொன்னார். அவர் பாத்திரக்காரர், ஏழை, அதனால்தான் அவருக்கு நீதி கிடைக்கவில்லை என்றும் முகத்துக்கு நேராகச் சொன்னார். மாத்யூ ஹேல் என்ற நீதிபதி மட்டும் கொஞ்சம் இரங்கினார். பயன் இல்லை. ஸ்வான் இன்றும் இருக்கிறது, பிற்காலத்துக் கட்டடமாக. வாசலில் நின்று படம் எடுக்கத் தோன்றவில்லை, சும்மா நின்றோம். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹை தெரு, சில்வர் தெரு முனையில் நடைபாதையில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள்: சிறை இருந்த இடம். எல்லோரும் மிதித்துக்கொண்டு போகிறார்கள்.

இனி என் விஷயம். விடுதலையானபின், 1673-இல் பனியன் ஒரு சிறு நூல் எழுதினார். தண்ணீர் ஞானஸ்நானத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தால் அதற்காக ஒருவரைத் திருவிருந்தில் சேர்க்காமல் இருக்கக் கூடாது என்பது அதன் வாதம். லண்டனின் குறிப்பிட்ட பாப்டிஸ்டுகள் அவர்மேல் கடுமையாகப் பாய்ந்தார்கள். அவரோ விடவில்லை. பெட்ஃபோர்ட் சபை மூழ்கியவரையும் தெளிக்கப்பட்டவரையும் ஒரே மேசைக்கு அழைத்தது. இன்றுவரை அப்படித்தான். எனக்கு 16 வயதில் தட்டு தாண்டிப் போனதே, அதற்கு 300 வருடத்துக்கும் முன்பே இந்த ஊரில் ஒருவர் எனக்காகச் சண்டை போட்டிருக்கிறார். அதுவும் அதே மரபுக்குள் இருந்துகொண்டு. இதை அம்மாயியிடம் சொல்ல முடியவில்லையே என்ற ஏக்கம் இரவு முழுதும்.

ஐந்தாம் நாள்: நார்தாம்ப்டன், மவுல்டன், கெட்டரிங்

மருமகளுக்கு விடுமுறை. காலையிலேயே கிளம்பினோம்.

முதலில் நார்தாம்ப்டனில் நேன் ஆறு. 1783 அக்டோபர் 5-ஆம் தேதி இந்த ஆற்றில் ஜான் ரைலண்ட் ஒரு ஏழைச் செருப்புத் தொழிலாளிக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பெயர் வில்லியம் கேரி. நாட்டைப் பொறுத்தவரை அன்று ஒன்றும் நடக்கவில்லை.

மவுல்டன் சின்ன ஊர். கேரி போதகராக இருந்த ஆலயமும், பக்கத்தில் அவர் குடியிருந்த கல் வீடும் அப்படியே இருக்கின்றன. செருப்புத் தைத்து, பள்ளிக்கூடம் நடத்தி, பிரசங்கம் செய்து, மூன்று வருமானமும் சேர்ந்தும் போதாத வாழ்க்கை. சுவரில் உலகப் படம் ஒட்டி ஒவ்வொரு நாட்டு விவரமும் அதில் குறித்து வைத்திருந்தார்.

அங்கிருந்து கெட்டரிங் அரைமணி நேரம். லோயர் தெருவில், பீபி வாலிஸ் என்பவரின் விதவை மனைவியின் வீடு. 1792 அக்டோபர் 2-ஆம் தேதி இந்த வீட்டுப் பின்னறையில் 14 பேர் கூடி, பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். கெட்டரிங் போதகர் ஆண்ட்ரூ ஃபுல்லரின் மூக்குப்பொடி டப்பாவில், இவ்வளவு தருகிறேன் என்று எழுதிய நன்கொடைச் சீட்டுகள் விழுந்தன. மொத்தம் 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ். அதற்கு அடுத்த வருடம் கேரி வங்காளத்துக்குக் கப்பலேறினார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை விரும்பாததால் 1800-இல் டேனிஷ்காரர்களின் செராம்பூரில் அடைக்கலம் புகுந்தார். நம் தரங்கம்பாடிக்கு உடன்பிறப்பு அந்த ஊர். இரண்டும் டென்மார்க் அரசின் கீழ் இருந்தவை, 1845-இல் ஆங்கிலேயருக்கு ஒன்றாகவே விற்கப்பட்டவை. 1801-இல் வங்காளப் புதிய ஏற்பாடு, 1818-இல் செராம்பூர் கல்லூரி. இதெல்லாம் பலரும் அறிந்ததுதான்.

பலரும் பேசாதது டோரதி. கேரியின் மனைவி. 1781-இல் பிடிங்டன் ஊர்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாமல் குறி போட்டவர். இந்தியாவுக்கு வரமாட்டேன் என்று சொன்னவர். பிறந்து ஒரு மாதமே ஆன கைக்குழந்தையோடு இருந்தவரைக் கடைசி நேரத்தில் வற்புறுத்தி, தங்கையையும் துணைக்குச் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டர் சீதபேதியில் இறந்தான். டோரதியின் மனம் அதன்பின் தேறவே இல்லை. 1807-இல் செராம்பூரில் இறந்தார். ஒருவரும் இன்னொருவருக்காக முடிவெடுக்க முடியாது என்பதற்காகச் சிறைக்குப் போன மரபு இது. அந்த மரபின் மிகப் பெரிய பயணத்திலேயே ஒரு பெண்ணுக்காக மற்றவர்கள் முடிவெடுத்தார்கள். கேரியின் உழைப்பை மதிக்கிறேன். இதைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. காரில் திரும்பும்போது மருமகள் கேட்டாள்: "அவங்க பேர்ல ஏதாவது கல் இருக்கா மாமா இந்தப் பக்கம்?" நாங்கள் போன இடங்களில் என் கண்ணில் படவில்லை.

கெட்டரிங்கில் இன்னொருவரும் உண்டு. 1803-இல் பிறந்த வில்லியம் நிப். ஜமைக்காவுக்குப் போனவர். ஆனால் ஜமைக்காவுக்குப் பாப்டிஸ்ட் நம்பிக்கையைக் கொண்டு போனது வெள்ளைக்காரர் இல்லை. ஜார்ஜ் லீல், ஜார்ஜியாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர். 1783-லேயே கிங்ஸ்டன் போய்ச் சபை கட்டினார், அதாவது கேரி கப்பலேறுவதற்குப் பத்து வருடம் முன்பே. மிஷன் வரலாற்றைக் கெட்டரிங் பின்னறையிலிருந்து தொடங்கிச் சொல்கிறவர்கள் இந்த மனிதரை விட்டுவிடுகிறார்கள்.

லீல் போட்ட விதை சாம் ஷார்ப் காலத்தில் வெடித்தது. அவர் ஓர் அடிமை, பாப்டிஸ்ட் சபையில் டீக்கன். 1831 கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூலி கொடுக்காமல் வேலைக்குத் திரும்பமாட்டோம் என்று பல்லாயிரம் அடிமைகளைத் திரட்டினார். தோட்டங்கள் எரிந்தன. பழிவாங்கலில் 300-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். 1832 மே 23-ஆம் தேதி மாண்டிகோ பேயில் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். அடிமையாக வாழ்வதைவிட அந்தத் தூக்குமரத்தில் சாவேன் என்பது அவர் சொன்னதாக அங்கே பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த வார்த்தை. நிப் இங்கிலாந்துக்கு வந்து ஊர் ஊராகப் பேசினார். 1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. முழு விடுதலை 1838 ஆகஸ்ட் 1. முந்தின நள்ளிரவில் ஃபால்மத் ஊரில் நிப்பின் சபையார் சங்கிலியையும் சாட்டையையும் ஒரு சவப்பெட்டியில் வைத்து மண்ணில் புதைத்தார்கள்.

ஹெல்விஸ் அரசருக்கு எழுதியதும் இவர்கள் புதைத்ததும் ஒரே விஷயம்தான் என்று எனக்குப் படுகிறது. அவன் ஆத்துமா என் சொத்து இல்லை என்றால், உடம்பு எப்படிச் சொத்தாகும்?

ஆறாம் நாள்: நார்தாம்ப்டன், ஞாயிறு

மருமகளின் தோழி போகும் ஒரு பாப்டிஸ்ட் சபைக்கு இன்று போனோம். நல்ல வேளையாக இன்று ஞானஸ்நான ஆராதனை. மேடையின் மரப் பலகைகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். அடியில் தொட்டி, வெதுவெதுப்பான தண்ணீர். எழுபது வயதைத் தொட்ட ஒரு அம்மா படியில் இறங்கினார். இறங்கும் முன் இரண்டு நிமிடம் பேசினார். கணவர் இறந்தபின்தான் இந்த முடிவெடுத்தாராம். போதகர், இது உங்கள் சொந்த முடிவுதானா என்று கேட்டார். ஆமாம் என்றார், கொஞ்சம் சத்தமாகவே. உள்ளே போய், முகம் துடைத்துக்கொண்டு எழுந்தபோது சபையே பாடியது.

அப்புறம் இராப்போஜனம். ஆண்டவரை நேசிக்கிற யாரும் எடுக்கலாம் என்று போதகர் சொன்னார். தட்டு வரிசையில் வந்தது. என் முன்னால் நின்றது. எடுத்துக்கொண்டேன். வாயில் வைக்கச் சிறிது நேரம் பிடித்தது.

முடிந்ததும் பலகைகளைத் திரும்ப மாட்டி, அதே இடத்தில் நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் நாகாலாந்துக்காரர், இங்கே மருத்துவமனையில் நர்ஸ். "எங்க ஊர்ல எல்லாரும் பிறவியிலேயே பாப்டிஸ்ட்" என்றார் சிரித்துக்கொண்டே. பிறவியிலேயே பாப்டிஸ்ட்! ஸ்மித் கேட்டால் திகைத்துப் போவார். 1872-இல் கோதுலா என்ற அசாமிய ஊழியரின் வழியாக நம்பிக்கைக்கு வந்த ஒன்பது ஆவோ நாகர்கள், ஊர் எதிர்ப்பை மீறி ஞானஸ்நானம் எடுத்தார்கள். இன்று நாகாலாந்தில் பெரும்பாலோர் பாப்டிஸ்டுகள். ஊரே ஒரு சபையாகிவிட்டால், எடுப்பது மெல்லக் கொடுப்பதாக மாறிவிடுகிறது. அவரும் அதைத்தான் சொன்னார்: 17 வயதில் வகுப்பு முழுக்க வரிசையில் நின்றோம், நானும் நின்றேன், நான் எதற்கு நின்றேன் என்று யோசித்தது இந்த ஊருக்கு வந்து தனியாக இருந்தபோதுதான் என்றார். அம்மாயியின் வாக்கியத்தை அவருக்கு மொழிபெயர்க்கப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அது சரியாக வரவில்லை; ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் மருமகள் கேட்டாள்.

"நீங்க எடுப்பீங்களா மாமா?"

"எடுத்தா சேந்தமங்கலத்துலதான் எடுக்கணும். அந்தக் கிணத்துல."

"கிணறு இன்னும் இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. ராத்திரி சாப்பிட்டபின் சித்தி மகனுக்குச் செய்தி அனுப்பினேன்: தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல், படிக்கட்டு இறங்கும்படி இருக்கிறதா என்றும் பார். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். இன்னும் அவன் பார்க்கவில்லை.